கழற்றி வைத்த கதவு

கதவே இல்லாத வீட்டை எப்படிப் பூட்டுவீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்? யாராலும் முடியாது. எனக்கு இது நேற்றுச் சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது தோன்றியது, தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது, பானையோடு உட்கார்ந்து சிரித்தேன். என் வீட்டுக்காரர் காளிராஜ், பயந்து போய், "என்னடி வேலுத்தாயி, கிறுக்குப் புடிச்சிருச்சா" என்றார். விடிந்ததும் அவருடைய தையல் மிஷின் ஸ்க்ரூடிரைவரை வாங்கி நானே கீலைக் கழற்றினேன். துருப்பிடித்த திருகாணி, தேங்காய் எண்ணெய் விட்டு விட்டுத் திருகியதில் உள்ளங்கை கன்றிப் போயிற்று, இப்போதும் கத்தரி பிடிக்கையில் எரிகிறது. கடைசித் திருகாணி வந்ததும் கதவு என் மேலேயே சாய்ந்தது. அவர் ஓடிவந்து தாங்கினார். "ஊர்ல கேட்டா சிரிப்பாக" என்றார். சிரிக்கட்டும், பூட்ட முடியாதுல்ல, என்றேன். அவர் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, மகள் தர்ஷிகாவை அங்கன்வாடியில் விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டார். இப்போது அந்தக் கதவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாதாங்கி இருக்கிற பக்கத்தைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, மேலே பழைய போர்வையை விரித்து, பனியன் மூட்டையை அவிழ்த்து வைத்துப் பிசிர் வெட்டிக்கொண்டிருக்கிறேன். கால் பெருவிரலில் தொட்டில் கயிறு. விரலை இழுத்தால் தொட்டில் ஆடும், விட்டால் திரும்பி வரும், உள்ளே கவின் தூங்குகிறான். கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை, வாசலுக்குக் கண். கதவில் தகரம் அடித்திருப்பதால் கீழே சில்லென்று இருக்கிறது. கதவின் மேல் குடியிருக்கிற பொம்பளை இந்தத் திருப்பூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கழுத்துப் பட்டியில் ஒரு நூல், கை மடிப்பில் ஒரு நூல், திருப்பு, தட்டு, அடுத்தது. வாசலில் நிழல் விழுகிறதா என்று பார். காக்கை. அடுத்தது.

நிழலைத்தான் பார்க்க வேண்டும், காதை நம்பிப் பயனில்லை. மற்ற மாதமாக இருந்தால் ஓனர் நாச்சிமுத்து வருவது சந்து திரும்பும்போதே தெரியும், ரப்பர் செருப்பு சடக் சடக்கென்று அவருக்கு முன்னால் வந்துவிடும். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுவிட்டார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், வெறுங்கால். மாலை போட்ட வெறுங்கால் பூனைக்கால், பக்கத்தில் வந்து நிற்கும்வரை தெரியாது. மாலை போட்டவர் கோபப்படக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, எதிரில் வருகிற எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அதனால் ஒரு மாதமாக எங்களை மிக மரியாதையாக விரட்டிக்கொண்டிருக்கிறார். "சாமி, மார்கழி பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங் சாமி." சரி சாமி. "சாமி, ஏன் சாமி இன்னும் சாமானக் கட்டாம இருக்கீங்க?" கட்டுறேன் சாமி. "சாமி, கடைசியாச் சொல்றனுங் சாமி." கடவுளே கடவுளைப் பார்த்து வீட்டைக் காலி செய் என்று சொல்வது போல இருக்கும். நானும் பவ்யமாகக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, உள்ளே வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன். சிரித்து முடித்தபின் கட்டாத சாமானை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். இன்றைக்குக் கார்த்திகை கடைசி. நாளைக்கு மார்கழி. மார்கழியில் யாரும் குடி மாற்ற மாட்டார்கள், எங்கள் பக்கத்திலும் இல்லை, இந்தப் பக்கத்திலும் இல்லை. மார்கழியில் குடித்தனக்காரரைக் கிளப்பினால் அந்த வீட்டுக்கே ஆகாது என்று ஓனரே அவர் வாயால் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆக இன்றைக்குப் பொழுது சாயும்வரை இந்த வீடு என் கையில் இருந்துவிட்டால், தை வரைக்கும் இருக்கும். அதற்குள் இவருக்கு வேலை சீராகிவிடும், வாடகைப் பாக்கி அடைந்துவிடும், மெதுவாக வேறு இடம் பார்க்கலாம், அல்லது பார்க்காமலும் இருக்கலாம். இன்றைக்குப் பூட்டு விழுந்தால்? இன்று ராத்திரி சாமானோடு தெருவில். நாளைக்கு எவன் வீடு கொடுப்பான், மார்கழி முழுக்க எவன் கொடுப்பான். ஆகவே இன்று அவர் வருவார். வராமல் இருக்க மாட்டார். அடுத்தது. இந்தப் பனியனில் பிசிர் அதிகம், எந்த டெய்லர் தைத்தானோ, ஒருவேளை என் வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம்.

பூட்டுகிறவர் என்றால் கதவை உடைத்து, சாமானை வீசி, முடியைப் பிடித்து இழுத்து, அதெல்லாம் இல்லை. அவர் எந்தச் சாமானையும் கையால் தொட மாட்டார். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார், நம் பூட்டுக்கு மேல் அவர் பூட்டைத் தொங்கவிடுவார், போய்விடுவார். அப்புறம் நாம்தான் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். சாமானை எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுங்க சாமி என்பார். அவ்வளவுதான். இப்படித்தான் இந்த லைன் வீடு முழுக்கக் காலியாயிற்று. பக்கத்து வீட்டு ராஜகனி ரேஷன் கடைக்குப் போனவள் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுவிட்டாள். திரும்பி வந்தால் பூட்டு. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, கதவைப் பூட்டாமல் சும்மா சாத்திவிட்டுப் போயிருக்கிறாள் கூறுகெட்டவள். ஓனர் பூட்டி நாலடி நடந்ததும் உள்ளேயிருந்து விசில். திரும்பி வந்து, திறந்து, அடுப்பை அணைத்துவிட்டு, மறுபடியும் பூட்டினார். அவ்வளவு பொறுப்பான மனுசர். ராஜகனி அழுதுகொண்டே சாமான் ஏற்றினாள், வெந்தும் வேகாத சோற்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள், அதை மறுபடி வேகவைத்து வடித்துச் சாப்பிட்டோம். இப்போது வரிசையில் எல்லாக் கதவிலும் ஒரே மாதிரிப் பித்தளைப் பூட்டு, என் வீட்டைத் தவிர. பொட்டு வைத்த முகங்கள் வரிசையாக நிற்க நடுவில் ஒருத்தி மட்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற மாதிரி இருக்கும் வெளியே இருந்து பார்த்தால். வாய்தான் திறந்திருக்கிறது. திறந்த வாயை எப்படிப் பூட்டுவாய்? எவ்வளவு வெளிச்சம் வருகிறது தெரியுமா. குடி வந்த நாளிலிருந்து இந்தச் சுவரின் நிறம் சாம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் பார்க்கிறேன், அது ரோஸ். மூலையில் தர்ஷிகா சாக்பீஸால் வரைந்த வீட்டுப் படம். அவள் வரைகிற வீட்டில் கதவு மட்டும் சுவரைவிடப் பெரிதாக இருக்கும், கைப்பிடி வேறு இரண்டு. ஒரு நாய் வந்து நிலைப்படியில் நின்று மோந்து பார்த்தது, உள்ளே வரலாமா என்று என்னைக் கேட்பது போல முகத்தைத் தூக்கியது. போ, நீயும் இங்கே குடிவரப் பார்க்கிறாயா. கீரைக்காரம்மா எட்டிப் பார்த்து, "என்ன கண்ணு, கதவக் கறையான் அரிச்சிருச்சா?" என்று கேட்டுப் போனாள். அப்புறம் கம்பெனிகளுக்கு ஆள் கொண்டுவருகிற ஏஜென்ட் வண்டியில் வந்தான், தினமும் வருகிறான், வண்டியை நிறுத்தாமலே, உறுமவிட்டபடியே, "வீடு காலியா?" என்பான். நான் இருக்கிறேன், தொட்டில் ஆடுகிறது, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, அவன் கேட்பது வீடு காலியா. இந்த லைன் முழுவதையும் அவனுக்கு விட்டால் வடக்கே இருந்து வருகிற பையன்களை ஒரு அறைக்குப் பத்துப் பேராக அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குவானாம், ஓனருக்குக் கை நிறையக் கொடுப்பானாம். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அதுகளும் பிழைக்க வந்ததுகள்தான், நாங்களும் விளாத்திகுளத்திலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கியவர்கள்தான். பத்துப் பேர் படுக்கிற அறையில் ஒரு பிள்ளை தொட்டில் கட்ட இடம் இருக்காது, அதுதான் என் வழக்கு.

ஊருக்குப் போயிருவோம்டி என்றார் இவர், போன வாரம். ஊரில் என்ன இருக்கிறது? கொழுந்தன் கட்டிய வீட்டின் பின்சுவர் இருக்கிறது, அதில் சாய்ந்து உட்காரலாம். மழை இல்லாத கரிசல் இருக்கிறது. நான் படித்த பள்ளிக்கூடம் இருக்கிறது, எட்டாவதுவரை. ஆண்டு விழாவுக்கு மேடை இல்லை என்று எங்கள் சார் வகுப்புக் கதவையே கழற்றிச் செங்கல் மேல் போட்டு, அதில் ஏறி நான் கோலாட்டம் ஆடினேன். ஆடும்போது கதவு தொம் தொம் என்று சத்தம் போடும். விழா முடிந்தும் யாரும் கதவைத் திருப்பி மாட்டவில்லை, அந்த வருசம் முழுக்க ஆடுகளும் எங்களோடு கணக்குப் படித்தன. ஓ, அதனால்தான் நேற்று எனக்கு அது தோன்றியதோ. பள்ளிக்கூடத்தில் படித்தது எதற்குமே உதவாது என்று எங்கம்மா சொல்வாள். இங்கே புதிதாக வீடு கேட்டுப் போனால் முதலில் அட்வான்ஸ் என்பார்கள், அப்புறம் எத்தனை பிள்ளை என்பார்கள், இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று தெரிந்ததும் முகம் மாறும், சுவரில் கிறுக்கும், தண்ணீர் அதிகம் செலவாகும், வேண்டாம்மா. பிள்ளை பெற்றவர்கள் எங்கேதான் போய் இருப்பது, மரத்திலா. வேலை நின்றுபோனது என்ன, நாங்கள் கேட்டா நின்றது? கம்பெனிக்கு ஆர்டர் இல்லை என்று இவரை வீட்டில் உட்கார வைத்தார்கள், மனுசர் சும்மா இருக்க முடியாமல் என் பழைய ரவிக்கைகளையெல்லாம் பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைத்தார். அந்த நாட்களில்தான் வாடகை நின்றது. இப்போது ஆர்டர் வந்துவிட்டது, மூட்டையே வீடு தேடி வருகிறது, பார்த்தாலே தெரியும். ஒரு மாதம். ஒரே ஒரு மார்கழி. அதைக்கூடக் கொடுக்காமல் என்ன மாலை, என்ன சந்தனம். இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம். கவின் பிறக்கிற அன்று, நல்ல வெயில், இவர் கம்பெனியில், எனக்குப் பனிக்குடம் உடைந்து இதே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேங்காய் ஏற்றிக்கொண்டு போன ஓனர் தேங்காயை அப்படியே ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு, அவர் வண்டியில் என்னைப் படுக்கப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழி முழுக்க, "கத்து அம்மிணி, நல்லாக் கத்து, வெக்கப்படாத" என்று அவர்தான் கத்திக்கொண்டு போனார். பிள்ளையை முதலில் கையில் வாங்கியது இவரில்லை, அவர். அந்தக் கைதான் இப்போது பூட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறது. ஒரே கை எப்படி இரண்டு வேலையும் பார்க்கிறது? என் கை மட்டும் என்ன, போன வாரம் அவர் வாசல் வரை வந்துவிட்டபோது, "சாமி, வராதீங்க, நான் தூரம்" என்று பொய் சொன்னேன். மாலை போட்டவருக்கு அந்தத் தீட்டு ஆகாது, நிலைப்படியைக்கூட மிதிக்காமல் சரணம் சொல்லிக்கொண்டே ஓடிவிட்டார். சிரித்தேன். ஆனால் அது மாதத்துக்கு ஒரு தடவைதானே செல்லும். மறுபடி இன்றைக்குச் சொன்னால் அவருக்கே கணக்குத் தெரியும், கல்யாணமானவர். அதனால்தான் கதவு. பொய்யைவிடக் கதவு மேல். கதவைக் கழற்றினேன் என்பதில் பொய் எதுவும் இல்லை, எல்லோரும் பார்க்கலாம்.

வெயில் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, பனியன் குவியல் மேல் ஏறுகிறது. அங்கன்வாடியில் இந்நேரம் சோறு போட்டிருப்பார்கள், தர்ஷிகா முட்டையில் மஞ்சளை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையை டவுசர் பைக்குள் வைத்திருப்பாள், தம்பிக்காம். சோறு போட்டதும். சோறு போட்டதும் என்னவோ. டீச்சர் என்னவோ சொன்னார்களே நேற்று. நான் கீலைப் பற்றியே நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். "நாளைக்கு எங்களுக்கு மீட்டிங்கு, சோறு போட்டதும் வந்து கூட்டிட்டுப் போயிருங்க, ஆயாவும் இருக்க மாட்டாங்க." அட வேலுத்தாயி. அட மடச்சி. கத்தரி கையிலேயே நின்றுவிட்டது. போக வேண்டும். எப்படிப் போவது? கதவு இல்லையே. பூட்டுக்குப் பயந்து கதவைக் கழற்றினேன், இப்போது பூட்ட முடியாமல் நான் நிற்கிறேன். இதை யோசிக்கவே இல்லை பாருங்கள், எல்லா நாளும் போலச் சாயங்காலம் கூட்டி வரலாம், அதற்குள் இவர் வந்துவிடுவார் என்றே நினைத்திருந்தேன். கவினைத் தூக்கிக்கொண்டு அப்படியே போட்டுவிட்டு ஓடலாமா? கம்பெனி மூட்டை கிடக்கிறது, ஒரு பனியன் குறைந்தாலும் அடுத்த மூட்டை வராது. சிலிண்டர். அதைவிட, ஆளே இல்லாத வீடு என்றால் அவருக்கு என்ன கஷ்டம், இதே கதவை நிமிர்த்தி, இதே திருகாணியை மாட்டி, அப்புறம் பூட்டிவிடலாம். திருகாணிகளைத் தைல டப்பாவில் போட்டு முந்தானையில் முடிந்திருக்கிறேன், ஆனால் கடையில் திருகாணிக்கா பஞ்சம். யாரைக் கூப்பிடுவது? வரிசை முழுக்கப் பித்தளைப் பூட்டு. ராஜகனி இருந்திருந்தால் ஒரு குரல் போதும். கதவை மாட்டிவிட்டு நானே பூட்டிக்கொண்டு போனால்? அவர் பூட்டு அதன் மேல். மாட்டாமல் போனால்? போகாமல் இருந்தால்? அங்கன்வாடி வாசல் நேரே மெயின் ரோடு, கம்பெனி வேன்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவான்கள், அவள் அம்மாவைக் காணோமே என்று எட்டிப் பார்ப்பாள், முட்டையைப் பையில் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்ப்பாள். வீடா, பிள்ளையா என்று ஒருவன் என்னைக் கேட்கிற நிலைமைக்கு நானே வந்து உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும்தான். இரண்டும்தான் எனக்கு வேண்டும். ஏன் ஒன்றைத்தான் கேட்க வேண்டும், எவன் வைத்த சட்டம் அது. விரல் நின்றுபோனதில் தொட்டில் நின்றுவிட்டது, கவின் முனகினான், இழுத்தேன், மறுபடி ஆடியது. பனியன் குவியல் மேல் இருந்த வெயில் இல்லை. யார் அணைத்தது.

நிமிர்ந்தேன். கறுப்பு வேட்டி. வெறுங்கால். வலது கையில் பித்தளைப் பூட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டு போகிற மாதிரி ஒரு விரலில் தொங்குகிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நிலையின் இந்தப் பக்கத்தைப் பார்த்தார், அந்தப் பக்கத்தைப் பார்த்தார், கீல் இருந்த தடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். எனக்கு வாய் தானாகச் சிரிக்கிறது, என் வாய் எப்போதும் இப்படித்தான், சாவு வீட்டில்கூட என்னை ஓரமாக உட்கார வைப்பார்கள்.

"ஏனுங் சாமி, கதவெங்கீங்?"

"இந்தா இருக்கு சாமி. மேல உக்காந்திருக்கேன்."

"ஆரக் கேட்டுக் கழட்டுனெ..." நிறுத்தினார். மாலையைத் தொட்டுக்கொண்டார். "ஆரக் கேட்டுக் கழட்டுனீங் சாமி?"

"பிசிர் வெட்ட வெளிச்சம் பத்தல சாமி."

"நா எதுக்கு வந்தன்னு தெரியுமல்லொ உங்களுக்கு."

"தெரியும் சாமி. பூட்டுங்க. நான் வேண்டாம்னு சொல்லலையே."

பூட்டைப் பார்த்தார். நிலையில் வெறுமனே தொங்குகிற வளையத்தைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணை மூடிக்கொண்டு, "சாமியே சரணம்" என்று மூச்சு விட்டார், இன்னொரு தடவை சரணம் சொன்னார், அது முதல் சரணத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக இருந்தது. "கோவப்படக் கூடாதுன்னு பாக்கறன். மாலை போட்ட நேரமாப் பாத்து இப்படிப் பண்றீங்களே சாமி. நாளைக்கு மார்கழி பொறந்துருச்சுன்னா நான் ஏஜென்ட்டுக்கு என்ன பதில் சொல்லுவன்?" சொல்லிவிட்டு உதட்டோரத்தில் ஏதோ ஒன்று துடித்தது, கோபமா, சிரிப்பா, அவருக்கே தெரிந்திருக்காது. உள்ளே கவின் காலை உதைத்தான், தொட்டில் சேலைக்கு வெளியே ஒரு குட்டிப் பாதம் வந்தது. அவர் கண் அங்கே போயிற்று. போன கண் அங்கேயே நின்றது. எனக்கு அப்போதுதான், பூட்டைப் பார்த்த பயத்தில் மறந்திருந்த மெயின் ரோடு திரும்ப வந்தது, வேன் வந்தது, எட்டிப் பார்க்கிற என் பிள்ளை வந்தது. எழுந்தேன். பெருவிரலிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன். கதவு என் காலடியில் தொம் என்றது. நேரே போய் அவர் இடது கை சும்மா இருந்ததில் கயிற்றை வைத்து, விரல்களை நானே மடக்கிவிட்டேன். அவர் ஒரு கையில் பூட்டோடும் ஒரு கையில் கயிறோடும் என் நிலைப்படிக்குள் நின்றார். வாயைத் திறந்தார், அதற்குள் நான் வாசலில் இறங்கிவிட்டேன்.

"சாமி, அங்கன்வாடியில பிள்ள தனியா நிக்கிது, ஒரே ஓட்டமாப் போயிக் கூட்டிட்டு வந்துருதேன். விட்டு விட்டு ஆட்டாதீங்க, முழிச்சிருவான், ஒரே சீரா ஆட்டுங்க. நாய் வந்தா வெரட்டிருங்க. அந்த ஏஜென்ட்டு வந்து வீடு காலியான்னு கேட்டாம்னா, ஆள் இருக்குன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க சாமி."